உள்தகட்டின் நான்காவது வெல்டிங்

எல்லோரையும் சந்தேகப்படும் ஒருவர், தன்னை மட்டும் எந்த ஆதாரத்தில் நம்புகிறார்? சிறிய விமானங்களுக்குச் சைலன்சர் செய்துவந்த ஒருவரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன்.

ஓடுபாதை வேலிக்கு வெளியே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் அவருடைய பட்டறை. புகைக்குழாயை வளைப்பதையும் சைலன்சரின் உருளையை உருட்டுவதையும் வாசலில் வைத்தே செய்வார். உள்ளே துளைத் தகடுகளைப் பொருத்தும் நேரம் வந்தால் மட்டும் கதவைச் சாத்திவிடுவார். சத்தத்தை மடக்குவது அந்தத் தகடுகள்தான். அவற்றின் இடைவெளியைப் பல வருஷம் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து கண்டுபிடித்திருந்தார். மோட்டார் சைக்கிள் சைலன்சர் செய்யும் எதிர்ப்பட்டறைக்காரர் அதைப் பார்த்துக் களவாடிவிடுவார் என்பது அவருடைய சந்தேகம். அந்த மனிதர் டீ குடிக்கும்போது இந்தப் பக்கம் திரும்பி உட்காருவார் என்பதைத் தவிர வேறு சாட்சியம் இல்லை.

"உப்பு போட்டாச்சுன்னு சொன்னா, டப்பாவைத் திறந்து குறைஞ்சிருக்கான்னு பார்க்கிற மனுஷன்" என்பார் அவர் மனைவி.

மனைவியின் தம்பி விமானப் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட்டன, புகார்கள் குவிந்தன. மாதக் கடைசிக்குள் இரைச்சல் குறையாவிட்டால் பள்ளியை மூட வேண்டும் என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்திருந்தது. தம்பியின் பிழைப்பு இப்போது அக்காள் புருஷனின் சைலன்சரில் தொங்கியது.

புதிய சைலன்சரோடு தம்பி விமானத்தை மூன்று நாள் சோதனைக்கு ஓட்டினார். நான்காம் நாள் சத்தத்தை அளந்தார்கள். அனுமதித்த அளவைவிடக் குறைவு. அவர் காகிதத்தில் போட்ட கணக்கைவிடவும் நான்கு டெசிபல் குறைவு. எல்லோரும் கைகொடுக்க, அவர் முகம் இறுகியது. விமானத்தின் குறிப்பேட்டைப் புரட்டினார். மேலேறும்போது எஞ்சினின் சுற்று, நிமிஷத்துக்கு நூற்றைம்பது குறைந்திருந்தது.

"சத்தம் குறையணும்னு த்ராட்டிலைக் குறைச்சுத்தானே ஓட்டின?"

"முழுசாத் தள்ளித்தான் வெச்சிருந்தேன் மாமா."

"அப்போ எஞ்சின் பொய் சொல்லுதா?"

"உங்க கல்யாணத்துல நாங்க போட்ட மோதிரத்தையே உரசிப் பார்த்தவராமே நீங்க. என்னையும் உரசிப் பாருங்க."

தம்பி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அவர் பொய் சொல்கிறார் என்று நிரூபிப்பதற்காகவே இவர் சைலன்சரைக் கழற்றினார். அதன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு உருளையை அறுத்தார். கடைசித் தகடு பெயர்ந்து, சாய்ந்து, புகை வெளியேறும் வாயைப் பாதி மறைத்திருந்தது. மூச்சு முட்டிய எஞ்சினால் வேகமெடுக்க முடியவில்லை. சத்தம் குறைந்தது அதனால்தான். தகட்டைப் பிடிக்க நான்கு இடங்களில் வெல்டிங் வேண்டும். மூன்று இடங்களில் வைத்த வெல்டிங் பிய்ந்துபோயிருந்தது. நான்காவது இடத்தில் வெல்டிங் வைத்த தடமே இல்லை. தகடு இன்னும் இரண்டு விரல்கடை நகர்ந்திருந்தால், வீடுகளின் கூரைக்கு மேலே எஞ்சின் நின்றுபோயிருக்கும்.

சாத்திய கதவுக்குள் அந்த வெல்டிங்கைப் பார்த்த கண்கள் அவருடையவை மட்டும்தான்.

அன்று மாலையே மைத்துனரின் வீட்டுக்குப் போய், அந்தத் தகட்டை மேஜைமேல் வைத்தார்.

"நீ சொன்னது சரிதான்."

"என் பேச்சை நம்புறதுக்கு இரும்பை அறுக்க வேண்டியிருக்கு, இல்ல மாமா?" என்றார் தம்பி. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பிழையைக் கண்டுபிடித்தது அவருடைய சந்தேகம்தான். கதவைச் சாத்தி அந்தப் பிழைக்கு இடம் கொடுத்ததும் அதுதான். அதனால் அவரைப் பாராட்ட எனக்கு மனம் முழுதாக வரவில்லை.

மாதக் கடைசிக்கு ஐந்து நாட்கள் மீதியிருந்தன. புதிதாக இன்னொரு சைலன்சர் செய்தார். தகடுகளைப் பொருத்தி, வெல்டிங் வைத்து முடித்தவர், மூடி போடாத உருளையை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். எதிர்ப்பட்டறைக்காரர் டீயைக் கீழே வைத்தார்.

"மூடப்போறேன். உள்ளே ஒரு தடவை பாரு."

"நானா?"

"நீதான்."

அந்த மனிதர் வெகுநேரம் டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு தகட்டையும் தட்டினார். "இந்த ஓரத்துல இன்னும் ஒண்ணு வெச்சா நல்லது" என்றார். அங்கே இன்னொரு வெல்டிங் விழுந்தது.

இந்த முறை சத்தம் கணக்கோடு ஒத்துப்போனது; எல்லைக்கு உள்ளேயும் இருந்தது. பள்ளி பிழைத்தது. அதற்குப் பிறகு அவர் செய்த ஒவ்வொரு சைலன்சரும் மூடுவதற்கு முன் தெருவைக் கடந்து போய்வந்தது.

"ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா, அவர்கிட்டதான் காட்டணுமா?" என்று மனைவி ஒருநாள் கேட்டார். "என் வேலையில குறை கண்டுபிடிக்க அவனைவிட ஆசைப்படுறவன் யாரு?" என்றபடி அவர் அடுத்த கவளத்தைப் பிசைந்தார்.