ஏழாம் மாடிக் கதவு

கல்லடியில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. கரண்ட் இல்லாத நாட்களில் கார் பற்றரியில் ஓடும். பற்றரி கிழடு. கராஜில் சார்ஜ் பண்ணிக் கொண்டுவந்தால் நூற்றுப் பத்து நிமிடம் தரும். மூன்று முறை மணிக்கூட்டை வைத்துப் பார்த்தேன். மூன்றாம் முறை நூற்றியெட்டுத்தான் வந்தது. அதன் பிறகு நூற்றியெட்டு என்றே வைத்துக்கொண்டேன். செய்தி பார்க்கும் ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிடம் போனது என்று கலண்டரில் எழுதுவேன்.

நான் சொல்லப்போகும் சனிக்கிழமையில் கரண்ட் போய்ப் பதினொரு நாள். பற்றரியில் மிச்சம் ஐம்பது நிமிடம். அன்று மாலை கார்ட்டூனில் ஏழாம் மாடி வரவிருந்தது. அதைப் பார்க்க வெல்லாவெளியிலிருந்து என் மச்சான் வருவதாக இருந்தான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. வயல் செய்பவன். கலியாணத்துக்கு முன் இரண்டு வருடம் வெளிநாட்டில் வேலை செய்தான். அங்கே ஓர் அறையில் ஆறு பேருக்கு ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டி. அதில் ஓர் ஆமை கையில் விளக்கோடு கோபுரம் ஏறும். மற்ற ஐந்து பேரும் நாலாம் மாடி, ஐந்தாம் மாடியில் களைத்து விட்டுவிட்டார்கள். இவன் ஏழாம் மாடிவரை போனான். அங்கே ஒரு கதவு. அதை நெருங்கினால் வௌவால்கள் வந்து ஆமையைத் தள்ளி விழுத்திவிடும். எத்தனை தரம் விழுந்தாய் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றான். எண்ணாமல் எப்படி ஒரு மனிதன் விழலாம் என்று எனக்கு விளங்கவில்லை.

திரும்பி வரும்போது அந்தப் பெட்டியைக் கொண்டுவந்துவிட்டான். வெல்லாவெளியில் அவன் வீட்டுப் பக்கம் மின்கம்பமே இல்லை. கல்லடிக்குக் கொண்டுவந்து விளையாடலாம் என்றால் அதற்குள் வழியில் நான்கு சோதனைச் சாவடி வந்துவிட்டது. வயர் தொங்கும் கறுப்புப் பெட்டியை ஆமி அவிழ்த்துப் பார்க்கும்போது ஆமையைப் பற்றி விளங்கப்படுத்த அவனுக்குச் சிங்களம் தெரியாது.

அந்த விளையாட்டை வைத்தே கார்ட்டூன் தொடர் ஒன்று எடுத்து, சிங்களத்தில் குரல் கொடுத்து, சனிதோறும் போட்டார்கள். பல் பிடுங்கக் கல்லடிக்கு வந்த மச்சான் எங்கள் வீட்டில் தற்செயலாக மூன்றாம் மாடியைப் பார்த்தான். பிடுங்கிய பல்லை மறந்துவிட்டான். ஒரு கிழமைக்கு ஒரு மாடி. நாலு, ஐந்து, ஆறாம் மாடிகளில் நடந்ததை நான் கடிதத்தில் எழுதினேன். அரசாங்கக் கந்தோர் வேலைப் பரீட்சைக்குச் சிங்களம் படித்தவன் நான், ஆமை பேசுவது விளங்கும். ஆற்றுக்கு அங்காலிருந்து வரும் தயிர்க்காரர் கடிதத்தைக் கொண்டுபோவார். அவன் பதிலில் ஒரே வரி: "அத்தான், ஏழாம் மாடி எப்ப?"

இங்கேதான் நான் பிழை விட்டேன். அப்போது அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணி முன்னுக்குத் தள்ளியிருந்தது. ஆற்றுக்கு அங்கால், வெல்லாவெளி இருக்கும் படுவான்கரையை வைத்திருந்த இயக்கத்தவர்கள் அதை ஏற்கவில்லை. அதனால் கல்லடியில் ஐந்தரை என்றால் வெல்லாவெளியில் ஐந்து. கார்ட்டூன் எங்கள் நேரத்துக்கு ஐந்தரை. அவனுக்குச் சிரமம் வேண்டாமென்று நானே கழித்து, "ஐந்து மணிக்கு" என்று எழுதினேன். எந்த நேரம் என்று எழுதவில்லை. அத்தான் பட்டணத்துக்காரர், புதிய நேரம்தான் எழுதுவார் என்று நினைத்து அவனும் ஓர் அரை மணியைக் கழித்தான்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நான் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன், முப்பத்திரண்டாவது ஆள். திரும்பி வரும்போது ஐந்து இருபத்திரண்டு. வாசலில் மச்சானின் செருப்பு. உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோ ஒருவர் கோழி வளர்ப்புப் பற்றிச் சிங்களத்தில் பேசுகிறார். மச்சான் முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்து கவனமாகப் பார்க்கிறான்.

"எப்ப போட்ட?"

"அஞ்சுக்கு. நீங்க எழுதின நேரம்தானே. இப்ப துவங்கும், இப்ப துவங்கும் எண்டு பாத்துட்டு இரிக்கன்."

"நிப்பாட்டு."

"வந்த ஆளை வாங்க எண்டு கேக்காம நிப்பாட்டு எண்டா என்ன அர்த்தம்?" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

நானே போய் நிறுத்தினேன். ஐம்பதில் இருபத்திரண்டு போனால் இருபத்தெட்டு. நிகழ்ச்சி இருபத்தைந்து. மூன்று நிமிடம் மிச்சம் என்றேன். மச்சானின் முகம் தெளிந்தது. என் முகம் தெளியவில்லை. நூற்றியெட்டு என்பது போன மாதக் கணக்கு. பற்றரி இந்த மாதம் ஒரு மாதம் கூடக் கிழடு.

"விளம்பரம் வரக்குள்ள நிப்பாட்டுவம்," என்றான்.

"நிப்பாட்டினா எப்ப திரும்பப் போடுறது?"

"நீங்க எண்ணுங்க அத்தான். உங்களுக்கு வேற என்ன வேலை?"

அப்படியே செய்தோம். மனைவி சுவிச்சைப் பிடித்தாள். விளம்பரம் வந்ததும் நிறுத்துவாள், நான் தொண்ணூறு எண்ணுவேன், திரும்பப் போடுவாள். இரண்டாம் இடைவேளையில் எழுபதில் அவள் போட்டுவிட்டாள். இன்னும் சவர்க்கார விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"எழுவதுதான் ஆச்சு," என்றேன்.

"நீங்க எண்ணுற வேகத்துக்கு ஆமை கிழண்டி செத்திடும்." பிறகு தம்பியைப் பார்த்தாள். "நாப்பது வயசு. ரெண்டு புள்ளைக்குத் தகப்பன். ஆமைக்காக ஆத்தைக் கடந்து வந்திரிக்கான்."

"பேசாம இரி அக்கா. கதவு வருது."

கதவு வந்தது. அதோடு படம் சுருங்கத் தொடங்கியது. பற்றரி இறங்கினால் எங்கள் பெட்டியில் நான்கு பக்கமும் கறுப்பு ஏறும். முதலில் கொப்பி அளவு, பிறகு தபாலட்டை அளவு. மூவரும் கண்ணாடிக்குக் கிட்டே போய்விட்டோம். மச்சானின் மூக்கு மறைத்தது, தள்ளிவிட்டேன். தீப்பெட்டி அளவுப் படத்தில் வௌவால்கள் எறும்பு மாதிரி வந்தன. ஆமை நின்றது. விளக்கைப் பார்த்தது. குனிந்து விளக்கைத் தரையில் வைத்துவிட்டு இருட்டில் நடந்தது. வௌவால்கள் அத்தனையும் விளக்கைச் சுற்றின. ஆமை கதவில் கை வைத்தது. படம் ஒரு வெள்ளைக் கோடாகி அணைந்தது.

சத்தம் மட்டும் இன்னும் சில விநாடி வந்தது. ஆமை ஏதோ சொன்னது.

"என்ன சொல்லிச்சு?" என்று மச்சான் என் கையைப் பிடித்தான்.

"'இன்னும் படியா' எண்டு கேட்டிச்சு."

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "விளக்கை வைக்கோணும். ரெண்டு வருசம் நான் விளக்கை வைக்கவே இல்ல அத்தான். அதைத் தூக்கிட்டுத்தான் ஓடினன்." இரவு சாப்பிடும்போது குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்து, விரல்களைக் கதவுவரை நடத்தி, எங்களுக்கு மூன்று தரம் காட்டினான். மறுநாள் முதல் பஸ்ஸில் போய், குருமண்வெளியில் பாதை ஏறினான். ஆற்றைக் கடக்கும் ஓடத்தை நாங்கள் பாதை என்போம். அந்தப் பாதையில் வந்தவர்களுக்கும் விளக்கைப் பற்றிச் சொன்னானாம்.

வெல்லாவெளியில் அவன் வீட்டுக்குக் கரண்ட் வரப் பல வருடம் பிடித்தது. வந்த அன்று பின்னேரம் எனக்குத் தொலைபேசி எடுத்தான். குரலில் உயிர் இல்லை.

"ஏழாம் மாடிக்கு வந்திட்டன் அத்தான். விளக்கை வைக்கிறதுக்கு இதில பட்டனே இல்ல."

"எத்தினை பட்டன் இரிக்கி?"

"நாலு. நாலையும் அமத்திப் பாத்திட்டன்."

"வடிவா எண்ணு."

அவன் ஒவ்வொன்றாக எண்ணுவது கேட்டது. "நடுவில சின்னதா ஒண்டு இரிக்கி. அது விளையாட்டை நிப்பாட்டுறது. அதை அமத்தினா எல்லாம் போயிடும் எண்டு அறையில சொன்னவங்க. நான் ஒருநாளும் தொட்டதில்ல."

"அப்ப அஞ்சு. அதை அமத்து."

"போயிட்டா?"

"போனா மறுகா ஏறு. இப்ப கரண்ட் இரிக்கித்தானே."

தொலைபேசியைத் தரையில் வைத்தான் போலிருக்கிறது. மூச்சு தூரத்தில் கேட்டது. நான் எண்ணினேன். பதினேழு வந்தபோது அங்கே ஒரு கீச்சு இசை எழும்பியது, அதற்கு மேல் அவன் பிள்ளைகளின் சத்தம். தொலைபேசியை எடுத்துப் பேச வேண்டும் என்ற நினைவு அவனுக்கு வரவில்லை. எட்டாம் மாடிக்குப் போய்விட்டான்.