பொட்டு வைத்த பொம்மை லாரி

வியாழக்கிழமை மதியம் ஹீத்ரோவில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. லண்டன் போனவர்கள் பாலத்தையும் அரண்மனையையும் பற்றி எழுதித் தள்ளிவிட்டார்கள். நான் போனது ஒரு பொம்மைக் கண்காட்சிக்கு. அறுபத்து மூன்று வயதில் பொம்மை பார்க்க விமானம் ஏறுகிறவனை வீட்டில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அழைத்தவன் சிவம். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்து, லண்டனுக்கு விசா கிடைக்கும்வரை திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் அறையில் இருந்தவன். அன்றிலிருந்து இன்றுவரை நான் அவனை ‘நீ’ என்கிறேன், அவன் என்னை ‘நீர்’ என்கிறான். இருவருமே மாற்றிக்கொள்ளவில்லை.

தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் அவன் வீடு. தரைத்தளத்தில் இரண்டு அறை, சமையலறையை ஒட்டிச் சுவரில் ஒரு சாமி அலமாரி. பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில், சிவப்பும் நீலமுமாக ஒரு பொம்மை லாரி நின்றது.

உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். இழுத்து மடக்கினால் லாரி ரோபோவாக எழுந்து நிற்கும் வகை. ஜப்பானில் வடிவமைத்து, அமெரிக்காவில் பெயரும் கதையும் சூட்டி, உலகம் முழுக்க விற்றார்கள். எங்கள் பர்மா பஜாருக்கு வந்து சேர்ந்ததெல்லாம் கை கழன்ற நகல்கள்தான். இதில் பிரிட்டனின் பங்கு என்ன என்பதுதான் கண்காட்சியே. அமெரிக்கச் சித்திரக்கதை மாதம் ஒன்று வந்தது. இங்கே இதழோ வாரம் ஒன்று. போதாத வாரங்களுக்கு லண்டனில் உட்கார்ந்து இவர்களே கதை எழுதி நிரப்பினார்கள். அமெரிக்கக் கடைகளிலிருந்து முதல் பொம்மைகள் மறைந்த பிறகும் இங்கே புதுப் பெட்டியில் போட்டு மறுபடி விற்றார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்படி விற்ற ஒன்றுதான் இந்த லாரி.

“டூட்டிங்கில ஒரு கடையில தவமலர் வாங்கினவள். ஆதவன்ரை அஞ்சாவது பிறந்தநாளுக்கு” என்றான் சிவம். தவமலர் அவன் மனைவி. “நான் அப்ப பெற்றோல் ஸ்டேசனில நைட் ஷிப்ட். எங்களிட்டக் கார் இல்லை, சைக்கிளும் இல்லை. ‘எங்கட வீட்டுக்கு வந்த முதல் வாகனம் இதுதான், பூசை போடாமல் விடக்கூடாது’ எண்டு நிண்டுகொண்டாள். சில்லுக்கடியில தேசிக்காய் வைக்க, லொறி அதில ஏறேலாமல் பிரண்டு போச்சு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்துபோச்சு.”

லாரியை எடுத்து என் கண்ணருகே நீட்டினான். முன்கண்ணாடியில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது, அதன் மேல் குங்குமம். சந்தனத்தில் விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

“அவளின்ரை மோதிரவிரல். அடுத்த வருசமே கான்சர். படம் இருக்கு, சாறி இருக்கு. ஆனா அவள் தொட்டது தொட்டபடி இருக்கிறது இது ஒண்டுதான்.”

“ஆதவனுக்குத் தெரியுமா?”

“சொல்லேல்லை. சொன்னால் அம்மாவைப் பற்றி ஒவ்வொண்டாக் கேட்பான். அந்தக் காலத்தில எனக்கு அது ஏலாது. பிறகு சொல்லுவம் எண்டு விட்டன். அவள் போன அண்டைக்கே லொறியை இதில ஏத்தி வைச்சிட்டன். அழுதவன்தான்.”

தாய் போன ஆறு வயதுப் பிள்ளையிடமிருந்து பொம்மையையும் பிடுங்கி வைத்திருக்கிறான். கேட்கும்போதே எனக்கு எரிந்தது.

மாலை ஏழு மணிக்கு வெம்பிளியிலிருந்து ஆதவன் வந்தான். கண்காட்சியை நடத்தும் ரசிகர் குழுவில் அவனும் ஒருவன். நாற்பதை நெருங்குகிறான், கணினி வேலை, சேமிப்பெல்லாம் இந்த ரோபோக்களில். “மூர்த்தி அங்கிள்!” என்று கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு பேசியது எல்லாம் ஆங்கிலம். கண்காட்சியில் வைக்க இந்த லாரி வேண்டும் என்று கேட்டான். மகன் இந்த வீட்டில் ஒன்றைக் கேட்டுப் பல வருடம் ஆகிறது என்பது சிவத்தின் முகத்திலேயே தெரிந்தது.

“கவனமாக் கொண்டு போ மகன்” என்று கொடுத்தான். அந்த ஒரு வார்த்தையோடு சரி. நான் அவனைப் பார்த்தேன். அவன் அடுப்பில் தேநீர் கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டான்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். மிச்சத்திலிருந்து விம்பிள்டனுக்கு டிராம், அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் வெஸ்ட்மின்ஸ்டர், பிறகு ஜூபிலி லைனில் வெம்பிளி பார்க். ஒன்றரை மணி நேரம். சிவம் சவரம் செய்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டு, கோவிலுக்குப் போகிறவன் போல வந்தான். “கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பாங்களாம். லைட்டும் போடுவாங்களாம். பொட்டு நல்லாத் தெரியும் என்ன?” என்று இரண்டு முறை கேட்டான்.

மண்டபத்தில் நுழைவுக் கட்டணம் தலைக்குப் பன்னிரண்டு பவுண்டு. தண்ணீராய் ஒரு தேநீர் மூன்று பவுண்டு இருபது. உள்ளே நரைத்த தாடி ஆங்கிலேயர்கள் கூட்டம் கூட்டமாக நின்று, எந்தத் திருகாணி எந்த வருடத்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய வாராந்தர இதழ்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். இதே லண்டன் தெருக்களில் ரோபோப் படம் எடுத்த கதையை ஒருவர் மூச்சுவிடாமல் சொன்னார். யாரோ செய்து, யாரோ பெயர் வைத்ததை எடுத்து, கண்ணாடிக்குள் வைத்து, பார்க்கக் காசு வாங்குவதில் இந்த ஊருக்கு உள்ள அனுபவம் வேறு எந்த ஊருக்கும் வராது. ரத்தம் சுண்டிய பிறகும் என் நாக்கு சும்மா இருப்பதில்லை.

நடு வரிசையில் சிவத்தின் லாரி. ஆதவன் எங்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போனான்.

லாரி பளபளவென்று நின்றது. முன்கண்ணாடியில் மேலே எரிந்த விளக்கு தெரிந்தது. வேறு ஒன்றும் இல்லை.

“அப்பா, பாருங்கோ!” தமிழிலேயே தொடங்கினான், பிறகு ஆங்கிலத்துக்குத் தாவினான். முன்னால் என்னவோ அழுக்கு இறுகிக் கிடந்ததாம், கறியோ களிமண்ணோ. காது குடையும் பஞ்சுக்குச்சியால், பிளாஸ்டிக் கீறாமல், வெள்ளிக்கிழமை மாலை முழுக்க உட்கார்ந்து எடுத்தானாம். மறுபடி தமிழுக்கு வந்தான். “அம்மா போனாப் பிறகு எனக்கு விளையாடவே தரேல்லை நீங்கள். கடைசியா ஒருக்கா நானே தொட்டுத் துடைச்சன்.” அவன் கண் கலங்கியிருந்தது. பெட்டிக்குக் கீழே இருந்த அட்டையைக் காட்டினான். ‘தவமலர், மிச்சம். மகனுக்காக வாங்கியது’ என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்சிட்டிருந்தது.

நான் கண்ணாடியில் மூக்கு முட்டும்வரை குனிந்து பார்த்தேன். சிவம் குனியவில்லை. மகன் தோளில் கை வைத்தான்.

“ஓம் மகன். வடிவா இருக்கு. அம்மாவின்ரை பேரும் போட்டிருக்கிறாய்.”

ஆதவன் தகப்பனைக் கட்டிக்கொண்டான். யாரோ படம் எடுத்தார்கள். நல்ல படமாக வந்திருக்கும்.

திரும்பும் வழியில், விம்பிள்டனில் டிராமுக்கு நிற்கும்போது நான்தான் ஆரம்பித்தேன்.

“அவன்கிட்ட இப்பவாவது சொல்லு.”

“இப்ப சொல்லி? தாயின்ரை விரலைத் தானே துடைச்சு எடுத்தன் எண்டு அவன் சாகும்வரைக்கும் நினைக்கிறதோ? விடும்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆதவன் மேல் இல்லை. அவன் செய்தது அன்பு. பேசாமல் இருந்ததையே பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்த இந்த மனிதன் மேல்தான். ஆனால் பக்கத்தில் அவன் சட்டைக் காலருக்குள் கழுத்து ஒடுங்கிப்போய் நிற்கும்போது எதைத் திட்டுவது?

திங்கட்கிழமை ஹீத்ரோவுக்கு வழியனுப்ப வந்தான். பாதுகாப்புச் சோதனை வாசலில் என் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கையை விடாமல் நின்றான்.

“நீர் கிட்டப் போய்க் குனிஞ்சு பாத்தனீர் எல்லே? ஓரத்திலயாவது, ரப்பர் இடுக்கிலயாவது, கொஞ்சம்...”

“இல்லை சிவம்.”

தலையை ஆட்டினான். “பெடியன் எதையும் வடிவாத்தான் செய்வான்” என்றான்.

சென்னையில் விடியற்காலையில் இறங்கி வாடகைக் கார் பிடித்தேன். முன்கண்ணாடியில் சந்தனம், குங்குமம், மூன்று பொட்டு. பனி படிந்திருந்ததால் ஓட்டுநர் இறங்கி ஈரத்துணியால் துடைத்தார். துணி பொட்டுப் பக்கம் வந்ததும் அதைச் சுற்றிக்கொண்டு போனது. இதை இவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள், வளர்ந்த இடத்தில் கண்டது. மிச்சத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஒருவர் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முப்பது வருடத்துக்கு மேல் நேரம் இருந்தது.