முனியாண்டி அண்ணனும் 'சான்று தேவை'யும்

ஈரக் கம்பள வாடை. அதன் மேல், கீழ்த்தளத்து நாசி கண்டார் சோற்றுக் கடையிலிருந்து ஏறி வரும் மீன்தலைக் குழம்பு வாசம். மூலையில் சொட்டிக்கொண்டிருக்கும் ஏர்கோன், அதற்கு அடியில் ஒரு பெயிண்ட் வாளி...

எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில், அந்த மாடி அறையில்தான், இணையக் கலைக்களஞ்சியத்துக்கு எழுத வருகிறவர்களுக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பெடுத்தேன். சம்பளம் கிடையாது. நன்றியும் கிடையாது. இதைப் படிக்கும் சிலருக்கு அது ஞாபகம் இருக்கட்டும்.

வந்தவர்கள் பெரும்பாலும் என்னைவிட மூத்தவர்கள். எழுதத் தெரியாதவர்கள் அல்ல. நன்றாகவே எழுதுவார்கள்... பாராட்டு விழா மேடைக்கு. ஒருவர் தன் ஊர்க் கோயிலைப் பற்றி எழுதி, 'அனைவரும் வருக, அன்னதானம் உண்டு' என்று முடித்திருந்தார்.

"அண்ணே, இத உலகம் முழுக்கப் படிப்பாங்க."

"அதனாலதான் தம்பி கூப்புடுறேன்."

இவர்களுக்கு நடுவில் முனியாண்டி அண்ணன். தொழிற்சாலை சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வருவார். அவர் எழுத நினைத்தது ஒரே ஒரு கட்டுரை. இளவயதில் நண்பர்களோடு நடத்திய நாடகக் குழுவைப் பற்றி. அதில் கதாநாயகி சரோஜா அக்கா, பின்னாளில் அவர் மனைவி. பெண் வேடத்துக்கு ஆள் கிடைக்காத நாளில், வீட்டில் அடி வாங்கிக்கொண்டு வந்து நடித்தவராம்.

"நாங்க போயிட்டா இப்படி ஒன்னு இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாது தம்பி. அவ பேரு ஒரு எடத்துல இருக்கணும். அவ்வளவுதான்லா."

எழுதினார். முதல் வரியே 'தீவின் தலைசிறந்த நாடகக் குழு'. ஆதாரம் இல்லாத வரிகளுக்கு நாங்கள் ஒட்டும் குறிப்பு ஒன்று உண்டு, 'சான்று தேவை' என்று. அதை அங்கே ஒட்டினேன்.

"என்னா சான்று? நான்தானே நடிச்சேன். என்னையே கேளு."

"நீங்க சொன்னா செல்லாதுண்ணே. வெளியாளு யாராச்சும் எழுதியிருக்கணும். பேப்பர்ல வந்திருந்தா போதும்."

"பேப்பர்ல வரணும். அவ்வளவுதானே?"

அந்த 'அவ்வளவுதானே'யைக் கேட்டதுமே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அடுத்த முறை நாளிதழோடு வந்தார். பழையது அல்ல, அன்று காலையில் வந்தது. நிருபராக இருந்த மச்சானைப் பிடித்து, எங்கள் கட்டுரையையே அச்சிட வைத்திருந்தார். ஓர் எழுத்து மாறவில்லை. 'தீவின் தலைசிறந்த நாடகக் குழு சான்று தேவை' என்று என் குறிப்பும் சேர்ந்தே அச்சாகியிருந்தது...

"இந்தா. பேப்பர்ல வந்துருச்சு."

"அண்ணே, இது நம்ம எழுதுனது!"

"ஆமா. அதான் தப்பில்லாம இருக்கு."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நினைத்தபடியே கலைக்களஞ்சியத்தில் என் சக நிர்வாகிகள் அந்தச் சான்றைத் தூக்கி எறிந்தார்கள். வேறு சான்று ஒரு வாரத்துக்குள் வராவிட்டால் கட்டுரை நீக்கப்படும் என்று அறிவிப்பும் போட்டார்கள்.

அதே வாரம், அரசு தரும் டத்தோ பட்டம் வாங்கிய ஒருவரைப் பற்றிய கட்டுரை எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏறியது. பழைய சங்கத் தலைவர். அவர் செய்ததெல்லாம் தலைமை தாங்கியதுதான். பொன்னாடை போர்த்தினார்: நாளிதழ்ச் சான்று. குத்துவிளக்கு ஏற்றினார்: நாளிதழ்ச் சான்று. விதிப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த விதியைச் சனிக்கிழமைதோறும் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

கெலுகோரில் ஒரு நூலகத்தில் பழைய நாளிதழ்கள் மைக்ரோஃபிலிமில் இருந்தன. அண்ணன், அக்கா, நான் மூவரும் போய் உட்கார்ந்தோம். கண் எரிய எரியப் படச்சுருளை உருட்டித் திரையில் தேடினோம்.

அக்காதான் முதலில் பார்த்தார். "ஏங்க, இது நம்ம நாடகம் போட்ட சங்க ஆண்டு விழா!"

அரைப் பக்கச் செய்தி. தலைமை தாங்கியவர், அப்போது இன்னும் டத்தோ ஆகாத அதே ஆள். வரவேற்றவர், வாழ்த்தியவர், மாலை அணிவித்தவர், நன்றி நவின்றவர்... எல்லோருக்கும் பெயர் இருந்தது. கடைசியில் ஒரு வரி.

'பின்னர் ஒரு நாடகமும் நடைபெற்றது.'

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைக் செட்டுக்காரன் பேரக்கூட போட்டுருக்கான் பாருங்க," என்றார் அக்கா.

கட்டுரை நீக்கப்பட்டது. நீக்கச் சொல்லி வாதாடியவர்கள் ஒவ்வொருவர் பெயரும் எனக்கு மறக்கவில்லை.

ஆனால் நான் ஒன்று செய்தேன். டத்தோவின் கட்டுரையில், அந்த ஆண்டு விழாவுக்கு அவர் தலைமை தாங்கியதாகச் சொல்லும் வரிக்குப் பின்னால் இன்னொரு வரி சேர்த்தேன். 'அவ்விழாவில் ஒரு நாடகமும் நடைபெற்றது.' சான்றோடு. டத்தோவின் ஆட்கள் அழித்தார்கள். திரும்பப் போட்டேன். மறுபடி அழித்தார்கள், மறுபடி போட்டேன். விதி முதல் தடவையாக என் பக்கம் இருந்தது. அக்காவின் பெயரைச் சேர்க்கத்தான் வழியில்லை.

இப்போது அந்த மாடி அறை ஹோட்டலாகிவிட்டது. வகுப்பும் இல்லை. புதியவர்கள் போனிலேயே கட்டுரை அனுப்புகிறார்கள், எல்லாம் ஏஐ இயந்திரம் எழுதித் தந்தது. 'தலைசிறந்த' கிடையாது, 'வருக வருக' கிடையாது, கீழே வரிசையாகச் சான்றுகள். தேடிப்போனால் அந்தப் புத்தகங்களே உலகத்தில் இல்லை! கேட்டால், "ஓகேண்ணே, வேற சான்று போட்டுத் தரேன்" என்று அடுத்த நிமிடமே இன்னொரு பட்டியல் வருகிறது. யாரும் சண்டை போடுவதில்லை. யாருக்கும் வலிப்பதில்லை. முனியாண்டி அண்ணன் கொண்டுவந்தது செல்லாத சான்றுதான். ஆனால் அவர் சொன்ன நாடகம் நடந்தது.

அந்த ஒற்றை வரியின் இணைப்பை அன்றைக்கே அண்ணனுக்கு அனுப்பியிருந்தேன். பதில் அக்காவின் குரல்பதிவாக வந்தது. போன் மாற்றும்போதெல்லாம் அதையும் பத்திரமாக மாற்றிக்கொள்கிறேன்.

"பாத்தேன் தம்பி. அந்த ஒரு நாடகம் நான்தான்."

இதற்கு என்னிடம் சான்று இல்லை.