அண்ணாவுக்கு எழுதிய தோட்டம்

கனடாவில், விட்பி நகருக்கு வடக்கே அப்பா வாங்கிய தோட்டத்தில் பன்னிரண்டு கோடைகள் குனிந்து நிமிர்ந்தவள் நான். கத்தரி, பச்சைமிளகாய், பயிற்றை. கல்யாணமாகி ஸ்காபரோவுக்குப் போன பிறகும், விடிய எழும்பிக் கார் ஓடிவந்து, காய் பிடுங்கித் தமிழ்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டதும் நான்தான். ஜேர்மனியில் இருந்த அண்ணா அந்த மண்ணைப் படத்தில்தான் பார்த்திருந்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் அக்கம்பக்கத்துக் காணிகளில் புதுவீடுகள் வரத் தொடங்கின. நிலத்தின் விலை எகிறியது. அப்பா நெஞ்சுவலியில் தப்பி வந்த கையோடு அவரைக் கணக்காளரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "சாகமுதல் என்னடி உயில்?" என்று வழிநெடுக முறுமுறுத்தார்.

கணக்காளர் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். உடைத்தே சொன்னார்.

"அண்ணை, நீங்கள் கண்ணை மூடினால், காணியை அந்த நாள் விலைக்கு வித்தமாதிரித்தான் இந்த வரிக்காரங்கள் கணக்குப் பாப்பாங்கள். கூடின விலைக்கு ராக்ஸ் வரும். தோட்டம் பிள்ளைக்குப் போனால் அதைத் தள்ளிப்போடலாம். ஆனால் அந்தப் பிள்ளை கனடாவிலை இருக்கவேணும். மகளின்ரை பேரிலை எழுதுங்கோ."

"அவளுக்குச் சீதனம் குடுத்தாச்சு தம்பி. நகை குடுத்தன், வீடு வாங்கக் காசு குடுத்தன். காணி பெடியனுக்கு. உதுதான் முறை."

முறையாம், மண்ணாங்கட்டி! ஊர் முறையைக் காட்டினால் இந்த அரசாங்கம் வரியை விட்டுவிடுமா? உள்ளுக்குள் கொதித்தது.

"பிள்ளை, நீர் என்ன சொல்லுறீர்?" என்று கணக்காளர் என்னைக் கேட்டார். அப்பாவும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தாங்கோ அப்பா என்று சொல்லியிருக்கலாம். வாங்கின சீதனம் போதாமல் அண்ணன்ரை காணிக்கும் அலையிறாள் என்று சனம் கதைக்குமே என்று வெட்கமாக இருந்தது.

"அப்பாவின்ரை விருப்பம்," என்றேன். பச்சைப் பொய்.

உயில் அண்ணாவின் பேருக்கே எழுதப்பட்டது. அடுத்த மாரியில் அப்பா போய்ச் சேர்ந்தார். சொன்னபடியே வரி வந்தது. கட்ட அண்ணாவிடமும் காசில்லை, என்னிடமும் இல்லை. ஒரு துண்டை மட்டும் பிரித்து விற்கவும் அனுமதி கிடைக்கவில்லை. முழுத் தோட்டமும் வீடு கட்டுகிற கொம்பனிக்குப் போனது. மிளகாய்ப் பாத்திகளுக்கு மேலால் புல்டோசர் ஏறியதைக் காருக்குள் இருந்து பார்த்தேன். அப்பாவைத் திட்டித் திட்டி அழுதேன்.

அந்தக் கிழமை அண்ணா ரெலிபோன் எடுத்தான். அவனிடமும் அப்பாவைத் திட்டினேன்.

"அவரை ஏன் பேசுறாய்? 'கனடாக் காணி எனக்கு என்னத்துக்கு, தங்கச்சிக்கு எழுதுங்கோ' எண்டு அவரோடை எத்தினை தரம் சண்டை பிடிச்சனான். 'சீதனம் வாங்கினவளுக்கு நானாய்க் குடுக்கேலாது, அவள் வாய்திறந்து கேட்டால் எழுதுறன்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் கணக்காளரிட்டைப் போனவர். நீ ஏன் கேக்கேல்லை?"