பதினெட்டு நாள் எழுதாத மனு

எழுதப் படிக்கத் தெரிந்த நான், ஒரு பக்க மனுவை ஏன் பதினெட்டு நாள் தள்ளிப்போட்டேன்? முழுப் பதில் இன்னும் தெரியவில்லை.

நாங்கள் குத்தகைக்கு உழுவது மூன்று மா நஞ்சை, ஏறக்குறைய ஒரு ஏக்கர். குத்தகைதாரர் பெயரைத் தாலுகா ஆபீஸில் பதிந்துவிட்டால் யாரும் நிலத்தைப் பிடுங்க முடியாது என்றார்கள். பதியாத ஒரு குடும்பத்தைப் பக்கத்து ஊரில் நடவு நேரத்தில் நிலத்தைவிட்டே வெளியேற்றிவிட்டார்கள். என் கணவருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். எழுத வேண்டியவள் நான். பிள்ளைக்குச் சளி, பேனாவில் மை இல்லை, இன்று செவ்வாய்க்கிழமை என்று தினமும் ஒரு காரணம் சொன்னேன்.

மனு கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின மாலை, அவர் தாளை என் முன்னால் வைத்தார். "ஊர்ல பாதிப் பேருக்கு மனு எழுதிக் குடுத்தே. நம்ம மனுவுக்கு மட்டும் நல்ல நாள் பாக்குறியா?"

நில உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. "பால் நின்னுடும்ங்க" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. எனக்குத் தாய்ப்பால் போதாததால், எங்கள் கைக்குழந்தைக்குத் தினமும் பசும்பால் கொடுப்பவர் நிலக்காரரின் மனைவி.

கணவர் கத்துவார் என்று பயந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் அந்தம்மா மொகந்தான் கண்ணுல நிக்குது. நீ தள்ளிப்போட்டது எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு."

எழுதினேன். மறுநாள் அவர் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்று காலையும் பால் வாங்கப் போனேன். "பாப்பா தேறிட்டாளா?" என்று கேட்டபடி, அந்தம்மா கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினார். தாலுகா ஆபீஸிலிருந்து அவர்களுக்கு நோட்டீஸ் போகுமுன் நானே சொல்லிவிட வேண்டும். நான்கு நாளாகச் சொல்லாமலே திரும்புகிறேன். முதல் வார்த்தையாக எதைச் சொல்வது? உங்களில் யாராவது எனக்குச் சொல்லுங்களேன்.