அம்பருக்குள் ஓர் இலைசுருட்டி

என் வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். நான் பெருமை பேசுவதாக எவரும் நினைக்க வேண்டாம். அப்படிப்பட்டவரோடு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் அந்தத் துன்பம் விளங்கும். கலியாணம் முடித்துப் பதுளைக்கு வந்த புதிதில் நான் வைத்த முதல் மீன் குழம்பைப் பற்றி அவர் சொன்னதை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா, ஊர் சுழிபுரம். தேயிலையில் விழுகிற பூச்சிகளைப் பார்க்கும் அரசாங்க உத்தியோகம். தெமோதரை, பண்டாரவளை என்று தோட்டம் தோட்டமாகப் போவார். திரும்பும்போது பை நிறையப் பூச்சி கொண்டுவருவார். சீனிப் போத்தல் என்று நினைத்து நான் எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு வண்டு மல்லாந்து கிடக்கும். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'பூச்சி ஐயா'. என்னைப் 'பூச்சி ஐயா வீட்டம்மா' என்றார்கள். என் தலைவிதி!

பதுளைக் கடைத்தெருவில் நகைக்கடை வைத்திருந்த நிஸாம் முதலாளிதான் அவரை அம்பர் பக்கம் இழுத்துவிட்டவர். மக்காவுக்குப் போய் வருகிறவர்கள் அம்பர் மணிகள் கொண்டுவருவார்கள். எத்தனையோ இலட்சம் வருடங்களுக்கு முன்னே மரத்தில் வடிந்த பிசின் மண்ணுக்குள் கிடந்து கல்லாகிப்போனதாம். வடிகிறபோது அகப்பட்ட பூச்சி, கால் மயிர்கூடக் கெடாமல் உள்ளே இருக்கும். பூச்சி உள்ள அம்பருக்கு மவுசு அதிகம், அதனால் கள்ளச் சரக்கும் அதிகம். குங்கிலியத்தை உருக்கிப் பூச்சியின் மேல் ஊற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? இவருக்குத் தெரியும். ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு விரலால் தொட்டுப் பார்ப்பார். பிசுபிசுத்தால் கள்ளம். பிறகு பூதக்கண்ணாடியை வைத்து, உள்ளே இருப்பது எந்தக் காலத்துப் பூச்சி என்று பார்ப்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆள்தான். ஆனால் இந்த விஷயத்தில் அவர் பிழைவிட்டதை நான் கண்டதில்லை.

ஐம்பத்து நாலாம் ஆண்டு, மாரிமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஸாம் ஒரு துண்டு கொண்டுவந்தார். தேன் நிறம், கோழிமுட்டை அளவு. நடுவில் ஒரு மண்ணிற அந்துப்பூச்சி. அவருக்குப் பின்னால், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, நனைந்தபடி ஒரு தோட்டத்துப் பெண் நின்றாள்.

"பண்டாரவளைத் துரைசானி ஒருத்தி இதைக் கேக்குறாங்க ஐயா, மெய்யாண்டு நீங்க சொன்னாத்தான் எடுப்பாங்களாம்" என்றார் நிஸாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த அம்மா ஞாயிறு தவறாம என் கடைக் கண்ணாடி முன்னுக்கு வந்து நிக்கிறாங்க. இதைப் பார்த்து அழுறாங்க. எனக்கு யாவாரமே ஓடல்ல. அல்லாவுக்காக நீங்களே இவங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அவள் பெயர் இராக்கம்மா. தெமோதரைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்திருந்தாள். மகள் தெய்வானை காய்ச்சலில் போய்விட்டாளாம். தேயிலையில் இலைசுருட்டிப் பூச்சியின் முட்டைகளைப் பொறுக்கிக் கொடுப்பது அந்தப் பிள்ளையின் வேலை.

"கருமாதி அன்னைக்குப் படையல் போட்டு சாம்பிராணி காட்டுனோமுங்க. இதே பூச்சி வந்து எலை ஓரத்துல உக்காந்துச்சு. அதோட முட்டையப் பொறுக்கிப் பொறுக்கிக் கொன்னவ, அதாவே வந்துட்டாளேன்னு எல்லாரும் கும்பிட்டோம். விடிஞ்சு பாத்தா காணோம். அந்த வாரம் லயத்துக்கு ஒரு வளையல்காரன் வந்திருந்தான். முதலாளி இத வாங்குனதும் ஒரு வளையல்காரன்கிட்டத்தானாம். எம்புள்ள இதுக்குள்ளயா ஐயா இருக்கா? அத மட்டும் சொல்லிருங்க."

இறந்தவர்கள் பூச்சியாக வருவார்கள் என்றும், வந்ததை விரட்டக்கூடாது என்றும் எங்கள் ஊரிலும் சொல்வார்கள். இவருக்கு அதெல்லாம் மூடநம்பிக்கை. ஸ்பிரிட்டைத் தொட்டு வைத்தார்; பிசுபிசுத்தது. சூடாக்கிய ஊசியின் நுனியை வைத்தார். புகை எழும்பி வீடெல்லாம் சாம்பிராணி வாசம். இராக்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை, கண்ணாடியை எடுத்தார்.

"இது அம்பர் இல்லை முதலாளி, குங்கிலியம். ஆரோ இப்ப கிட்டடியிலை ஊத்தியிருக்கினம்" என்றார். பிறகு அவளிடம் திரும்பி, பெரிய ஆறுதல் சொல்கிறவர் போல, "பயப்பிடாதையுங்கோ அம்மா. இது உங்கடை தோட்டத்திலை கிடக்கிற சாதாரண இலைசுருட்டிதான்" என்றார்.

அட மனிசா! இலட்சம் வருடத்துப் பூச்சி என்றிருந்தால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பாள். கள்ளம் என்று சொல்லித்தானே அவள் பயந்ததை மெய்யாக்கினார்!

"நம்ம தோட்டத்துதுதானா..." இராக்கம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "உசுரோடயா ஐயா ஊத்துனாங்க?"

நான் கண்ணைக் காட்டினேன். கதவுக்குப் பின்னால் நின்று, இல்லை என்று சொல்லும்படி தலையையும் ஆட்டினேன். அவர் திரும்பவும் குனிந்து பார்த்தார். சிறகுத் தூள் பூச்சியைச் சுற்றிச் சிதறிக் கிடந்ததாம்.

"ஓம். செட்டை அடிச்சிருக்குது" என்றார்.

அவள் போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. நிஸாம் அழுதேவிட்டார். "எனக்கு வேணாம் ஐயா, ஒடைச்சு அந்தப் புள்ளைய வெளியில எடுங்க" என்று சொல்லிவிட்டுக் குடையையும் மறந்து போனார்.

உடைத்தால் பூச்சி தூளாகிவிடும் என்று டர்பன்டைன் எண்ணெயில் ஊறவைத்தார். அந்த வாரம் முழுக்கக் கோப்பை அவருடைய மேசையில் இருந்தது. மணத்துக்காக நான் ஒரு தட்டால் மூடினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே படபடவென்று கேட்டது. மழைதான், கூரையில் விழுகிற மழைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மூச்சு முட்டுமே என்று தட்டை எடுத்துவிட்டேன். பார்த்தால் அவரும் வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு இராக்கம்மா வந்தாள். இவர் தூரிகையால் பூச்சியைத் தூக்கிக் கடதாசியில் வைத்து, யன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்தார். அவள் கைகூப்பியபடி நின்றாள்.

"பொம்பளப் பூச்சிதானுங்களே ஐயா?"

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓம் அம்மா. பெண்தான்."

அவள் அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். "தெய்வான, போ கண்ணு. ஆத்தா பாத்துட்டேன். பயப்படாமப் போ தாயி" என்றாள். காற்று அடித்தது. கையைப் பார்த்தோம், வெறுங்கை. அவள் சிரித்தாள், அழுதாள், என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அறுபத்திரண்டில் மாற்றலாகிப் போகும்வரை இவர் நிஸாம் கொண்டுவந்த ஒரு மணியையும் தொடவில்லை. கண் மங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டார். அதற்குள் பொய் பழகியிருந்தார். காரணம் எனக்கு மட்டும் தெரியும். இராக்கம்மா போன அன்று பொழுதுபட நான் சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. போய்ப் பார்த்தால் வெறுங்கடதாசியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"இஞ்சேரும். அது ஆண். செட்டை விளிம்பிலை ஆணுக்குரிய மடிப்புக் கிடந்தது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பாடா! இப்பதான் நீங்கள் மனிசன். அந்தத் தாய் நிம்மதியாப் போனாளே, அது காணும், வேறை என்ன வேணும். எழும்பி வாங்கோ, சோறு ஆறுது."

அவர் எழும்பவில்லை. முகத்தைப் பார்த்தேன், வெளிறிக் கிடந்தது.

"தெய்வானை எண்டு பேர் சொல்லியெல்லே அனுப்பிப்போட்டா" என்றார். "அப்ப இது ஆற்றை, எந்தத் தாயின்ரை பிள்ளையப்பா?"

அன்றிரவு விளக்குக்கு வந்த பூச்சி ஒன்றையும் நான் விரட்டவில்லை.