திரும்பு, பின்னாடி பார்க்கலாம்

எங்கள் அண்ணிக்கு ஒரு கைக்குட்டையைத் தூக்கிக் கொடுப்பதென்றாலும் சுற்றி நாலு பேர் வேண்டும். ஆளில்லாத இடத்தில் அவள் தர்மம் செய்து நான் பார்த்ததில்லை.

பருவம் மாறும்போதெல்லாம் அவள் அலமாரி பிதுங்கும். பிதுங்கியதை ஒரு தடித்த காகிதப் பையில் திணித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனோடு எங்கள் வீட்டுக்கு வருவாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் யாராவது வந்து பேசிக்கொண்டிருந்தால் அவளுக்கு இன்னும் விசேஷம். பையைக் கூடத்தின் நடுவில் கவிழ்த்து, அக்காவை எழுப்பி நிறுத்தி, ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டச் சொல்வாள்.

"ம், திரும்பு. பின்னாடி பார்க்கலாம்."

அக்கா திரும்புவாள். அண்ணன் கைபேசியிலிருந்து அரைத் தலையைத் தூக்கி, "நல்லாத்தானே இருக்கு" என்பான். அவனிடம் அடுப்பங்கரைத் துணியைப் போர்த்திக் காட்டினாலும் அதையேதான் சொல்வான்.

எனக்கும் ஒருமுறை கொண்டுவந்தாள். நன்றி சொல்லி வாங்கி, அவள் கண்ணெதிரிலேயே அதைத் தண்ணீரில் நனைத்து ஜன்னலைத் துடைத்தேன். அதோடு என் பக்கம் வருவதில்லை. ஆனால் அக்கா வேறு மாதிரி. அவள் கல்யாணம் நிலைக்காமல் போய் என்னோடு வந்து தங்கிய நாளிலேயே, இவள் ஏழை என்று குடும்பம் கூடித் தீர்மானம் போட்டுவிட்டது. மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவள், வீட்டு வாடகையில் பாதி தருகிறவள் என்பதெல்லாம் யாருக்கும் கணக்கில்லை. அவளும் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொள்வாள். அந்தப் பொறுமையைப் பார்த்தால் எனக்கு அண்ணியைவிட அக்கா மேல்தான் எரிச்சல் வரும்.

அண்ணிக்குத் தோள் அகலம், அக்காவுக்கு ஒடுக்கம். அண்ணியின் சட்டைக்குள் அக்கா, பெரிய உறைக்குள் போட்ட சின்னத் தலையணை மாதிரி இருப்பாள். அது போதாதென்று அண்ணி வாங்குவதெல்லாம் மினுக்கு. கழுத்தில் ஜிகினா, கையில் ஜிகினா, காலையில் பால் வாங்கப் போகிற சட்டையிலும் ஜிகினா.

ஒருமுறை அவள் கொண்டுவந்த பையில் கரும்பச்சை நிறத்தில் நீளக் கோட் ஒன்று இருந்தது. கம்பளி நயமான கம்பளி. அதன்மேல் தங்கநிறப் பட்டன்களை வரிசையாக அடித்து, காலரில் கல் பதித்துப் பாழாக்கியிருந்தார்கள். அக்கா போட்டுக்கொண்டு திரும்பியதும் பக்கத்து வீட்டம்மா, "ஐயோ, முதுகுல கிழிஞ்சிருக்கே" என்றாள். கார்க் கதவில் மாட்டிக் கிழிந்ததாம்.

அண்ணி அசரவில்லை. "கிழிஞ்சா என்ன? இவ உள் ரூம்லதானே உட்கார்ந்திருக்கா. யாரு பார்க்கப் போறா?"

அக்கா கோட்டைக் கழற்றி மடித்து வைத்தாள். அன்றைக்கு அவள் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். அண்ணி பார்க்கவில்லை. அவளுக்கு எதைத்தான் பார்க்கத் தெரியும்?

உள் ரூம் என்று அவள் சொன்னது மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டு. அக்கா அங்கே லென்ஸின் ஓரத்தைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுக்கிறாள். ஜன்னலில்லாத அறை. இயந்திரம் தண்ணீரைப் பீய்ச்சும், வெள்ளைச் சேறு கையெல்லாம் அப்பும். பேச்சுத் துணைக்கு அந்த இயந்திரத்தின் இரைச்சல்தான். அவளுக்கு நாற்பத்தெட்டு வயதானபோது முன்பக்கக் கவுன்ட்டரில் இருந்த பெண் வேலையை விட்டுப் போனாள். அக்கா முதலாளியிடம் போய் அந்த இடத்தைக் கேட்டாள். வாழ்க்கையில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அந்த நாற்காலி என்று நினைக்கிறேன்.

முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்தாராம். "நீங்க நல்லாப் பேசுவீங்கம்மா, அதுல குறையில்ல. ஆனா வர்றவங்க கண்ணாடிய மட்டுமா பார்க்கறாங்க? முன்னாடி இருக்கறவங்களுக்கு ஒரு தோற்றம் வேணும்." இதைச் சொன்ன மகானின் சட்டைப் பட்டன்களுக்கு நடுவே எந்நேரமும் பனியன் எட்டிப் பார்க்கும். "சரி, ஒரு மாசம் உட்காருங்க, பார்க்கலாம். சரிப்படலேன்னா பழையபடி உள்ள போயிடுங்க."

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தாள். அண்ணியின் தர்மம் கண்ணைக் கூசவைத்தது.

"எனக்கு மனுஷ முகத்தைப் பார்த்து வேலை செய்யணும்டி. மறுபடி அந்த ரூமுக்குள்ள போக மாட்டேன்" என்றாள்.

வாடகை போக மிச்சத்தில் அத்தனையும் புதுத் துணியாக எடுக்க முடியாது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், நாலு படி இறங்கிப் போகிற பழைய துணிக்கடை ஒன்று உண்டு. அதை நடத்துகிறவளுக்கு மோப்பக்காரி என்று நான் பெயர் வைத்தேன். எந்தத் துணி வந்தாலும் முதலில் அக்குளை முகர்ந்து பார்ப்பாள். பிடிக்கவில்லை என்றால், கொண்டுவந்தவர் முகத்துக்கு நேராகவே மூக்கைச் சுளிப்பாள். எனக்கு அவளை உடனே பிடித்துப்போனது. அங்கே ஒரு வழக்கம்: உருப்படியான துணி ஒன்று கொடுத்தால், தொங்குவதில் ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

அக்கா அண்ணியின் பையைக் கொண்டுபோய்க் கொட்டினாள். மோப்பக்காரி முகர்ந்தாள், விரித்தாள், ஒதுக்கித் தள்ளினாள். "துணியெல்லாம் நல்ல துணிதான். போட்டவங்களுக்குத்தான் கண்ணு அவிஞ்சிருக்கு. இந்த மினுக்க எடுத்துட்டுக் கொண்டாங்க."

அக்கா எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். வீடு முழுக்க ஜிகினா. சோற்றில்கூட ஒன்று மின்னியது. அண்ணியை வைதுகொண்டே நான் பெருக்கினேன். லென்ஸைத் தேய்த்துப் பழகிய கை அக்காவுடையது. நூல் பிசகாமல் பிரித்து, அதே தையல் வழியில் திரும்பத் தைத்தாள். பச்சைக் கோட்டின் தங்கப் பட்டன்களைப் பிடுங்கிவிட்டு, கிழட்டுக் கோட் ஒன்றிலிருந்து எடுத்த மரநிறப் பட்டன்களை வைத்தாள். காலரைப் பிரித்துச் சின்னதாக்கினாள். நீளத்தைக் குறைத்து, வெட்டிய துண்டில் ஒரு பட்டி செய்து முதுகில் கிழிசலின் மேல் வைத்துத் தைத்தாள். அந்தப் பட்டி அதற்காகவே பிறந்தது போல் உட்கார்ந்தது. கடைசியில், எந்தத் துணியைத் திருத்தினாலும் அவள் செய்வதைச் செய்தாள்: இடது உள்பைக்குள் ஒரு பட்டனைக் கூடுதலாகத் தைத்து வைத்தாள்.

"எவளோ போடப்போறா. அவளுக்கு எதுக்கு இந்த உபசாரம்?" என்றேன்.

"ஒண்ணு தொலைஞ்சா இதே மாதிரி பட்டனுக்கு அவங்க எங்க போவாங்க?" என்றாள்.

கோட்டை நீயே வைத்துக்கொள் என்று அடித்துக்கொண்டேன். தோள் பெரிது என்று கடையில் கொடுத்துவிட்டாள். தோள் விஷயத்தில் அவள் பிடிவாதம். இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தை வெட்டலாம், தோள் மட்டும் ஒழுங்காக உட்காராவிட்டால் தொடக்கூடாது என்பாள். கடையில் அவள் தேடுவதைப் பார்க்க வேண்டும். பளிச்சென்று முன்னால் தொங்குவதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். ஆண்கள் துணிகள் பக்கம் போய், உள்வெளியாகத் திருப்பித் தையலைப் பார்ப்பாள். வாசல் வெளிச்சத்தில் பூச்சி அரித்திருக்கிறதா என்று பிடித்துப் பார்ப்பாள். வயிற்றை மறைக்கிறேன் பேர்வழி என்று தொளதொள ஆடைகளுக்குள் ஒளிந்துகொள்கிற நடுவயதுப் பெண்களின் வேலையே அவளிடம் இல்லை. "வயிறு இருந்துட்டுப் போகட்டும். நிமிர்ந்து நின்னா யாரும் அதப் பார்க்க மாட்டாங்க." நீலம், சாம்பல், பழுப்பு, பாலாடை வெள்ளை, இந்த நிறங்களைத் தாண்ட மாட்டாள். அப்போதுதான் எதை எதோடு போட்டாலும் சேரும் என்பாள். நானும் ஒரு சிவப்புச் சட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

முதல் நாள் கவுன்ட்டருக்குப் போனபோது, எவரோ ஒரு ஆண் போட்டுக் கழித்த வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்குக் கீழே மடித்து விட்டிருந்தாள். சாம்பல் நிறப் பேண்ட், இடுப்பில் பழைய தோல் பெல்ட், பாலிஷ் போட்டுத் தேய்த்த தட்டைச் செருப்பு. கழுத்தில் செங்கல் நிறத்தில் ஒரே ஒரு ஸ்கார்ஃப். அவ்வளவுதான். என் அக்கா அழகி என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் அழுகை வந்தது. இத்தனை வருடம் அந்தப் பைகளுக்குள் அவளைப் போட்டு மூடி வைத்திருந்தார்களே என்று.

வாடிக்கையாளர்கள் அவளிடம், "நீங்க போட்டிருக்கற மாதிரி ஃப்ரேம் குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலாளி பனியனைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார். ஆனாலும் மாதம் முடியட்டும் என்றார். ஆட்டிவைப்பதில் ஒரு சுகம் அவருக்கு.

அண்ணி அவளைத் தெருவில் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். "எங்கேர்ந்துடி இதெல்லாம் வருது?" அக்கா உள்ளதைச் சொன்னாள். மறுமுனையில் அண்ணி போட்ட 'சீ' எனக்கே கேட்டது. "யாரு போட்டதோ, எவ போட்டதோ! நாங்க குடுக்கறது உனக்கு ஆகல, ஊரான் கழிச்சது இனிக்குதா?" அடுத்த நாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் குடும்ப மானம் பற்றிப் பேசினான். கையில் வாளி இருக்கிறது, மானத்தைப் பிறகு பார்க்கலாம் என்று போனை வைத்துவிட்டேன். அவர்களுக்கு வலித்தது அழுக்கு அல்ல. அக்கா திரும்பிக் காட்டுவதை நிறுத்திவிட்டாளே, அதுதான்.

கொஞ்ச நாளில் மோப்பக்காரி ஒரு கதை சொல்லிச் சிரித்தாள். ஒரு அம்மா, காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, கறுப்புக் கண்ணாடியும் தலையில் சுற்றிய துணியுமாக வந்ததாம். வந்து, நெட்டையாக ஒல்லியாக ஒருத்தி இங்கே வருவாளே, அவள் எடுக்கிற மாதிரி துணி வேண்டும் என்று கேட்டதாம். "பச்சைக் கோட்டக் குடுத்து அனுப்பினேன். தோள் கச்சிதமா இருந்துச்சு." அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருக்காது என்றாள் அக்கா. தான் போட்ட துணி ஒருத்திக்குத் தெரியாமல் போகுமா என்றாள். அவளுக்கு இன்னும் அண்ணியைத் தெரியவில்லை.

மாதத்தின் கடைசி நாள், என் மூக்குக்கண்ணாடியின் காலை இறுக்கிக்கொள்ள நான் கடைக்குப் போயிருந்தேன். இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் நிலைக்கண்ணாடிகளுக்கு முன்னால் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியும் இருந்தார். கதவு திறந்தது, அண்ணி வந்தாள். உடம்பில் பச்சைக் கோட். கையில் அந்தக் காகிதப் பை.

இவள் பார்த்துப் பார்த்துத்தான் இந்த நாளுக்கு வந்திருக்கிறாள்.

பையைக் கவுன்ட்டர் மேல் தொப்பென்று வைத்தாள். "உனக்குப் பழசெல்லாம் எடுத்து வெச்சேன். வீட்டுக்குக் கொண்டாரச் சொன்னா நீதான் பிகு பண்றியே. இந்தா, போட்டுக் காட்டு, பார்க்கலாம்" என்றாள். கடை முழுக்கக் கேட்கிற குரல். வாடிக்கையாளர்கள் திரும்பினார்கள். முதலாளி பையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அந்த நாற்காலி அவளுக்குக் கீழே ஆடுவது எனக்குத் தெரிந்தது. அண்ணியின் கன்னத்தில் அறையலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

அக்கா பையைத் தொடவில்லை. வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரலில், "கோட் ரொம்ப நல்லா இருக்கு அண்ணி" என்றாள்.

அண்ணிக்கு வந்த வேலை மறந்துவிட்டது. "இருக்காதா பின்ன? வெளிநாட்டுல தெச்சது. இங்கல்லாம் கிடைக்காது" என்று முகவாயைத் தூக்கினாள். முதலாளியும் சேர்ந்துகொண்டார், "ஆமா மேடம், பிரமாதம்" என்று.

"கொஞ்சம் திரும்புங்க அண்ணி, பின்னாடி பார்க்கலாம்."

திரும்பினாளே! அத்தனை கண்ணாடிகளுக்கும் நடுவில், கையை லேசாக விரித்துக்கொண்டு, ஒரு முழுச் சுற்று திரும்பினாள். முதுகில் அக்கா தைத்த பட்டி அசையாமல் இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தது.

அக்கா கவுன்ட்டரைச் சுற்றி வந்தாள். அண்ணியின் காலரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தாள். அருகில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது.

"இடது உள்பையில ஒரு பட்டன் கூடுதலா தெச்சு வெச்சிருக்கேன் அண்ணி. ஒண்ணு தொலைஞ்சா உதவும்."

அண்ணியின் கை தானாக உள்ளே போனது. அங்கேயே நின்றது. பிறகு கண்ணாடியில் தன் கோட்டைப் பார்த்தாள், முதல்முறையாக. முகத்தில் ஈயாடவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கதவை நோக்கி நடந்தாள்.

"அண்ணி, பை."

அக்கா பையை எடுத்துப்போய், கைப்பிடிக் கயிற்றை நேராக்கி, அவள் கையில் கொடுத்தாள். கதவையும் திறந்து பிடித்தாள்.

"யாரும்மா அது?" என்றார் முதலாளி.

"எங்க அண்ணி சார். என் கைத்தையல்னா ரொம்பப் பிரியம்" என்று சொல்லிவிட்டு, அக்கா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.